பாத எரிவும் தாய்மாமன் வழியும்

நோ என்னும் வேரிலிருந்து பிறந்தவை நோதல், நோவு, நோய் என்னும் சொற்கள். இன்று நோய் என்றவுடன் நம் நினைவில் எழுவது மருத்துவமனையும் மருந்துச் சீட்டும்தான். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவி தன் நோயைப் பற்றிப் பேசும்போது எந்த வைத்தியரும் அவள் நினைவில் இருப்பதில்லை. எது அவளை நோகச் செய்கிறதோ அதுவே நோய். அதாவது தமிழில் அச்சொல் முதலில் நோகிறவருக்கு உரியது. பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படும் புண்ணும் வீக்கமும் பிற்பாடு வந்து சேர்ந்த பொருள்கள். வகுப்பில் இச்சொல்லை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கண்ணுக்கு எதுவும் தெரியாமல் நோகிறது என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு அதை நோய் என்று ஏற்ற காலம் என்றேனும் இருந்திருக்கிறதா? இக்கட்டுரையில் அப்படிப்பட்ட ஒரு வலியின் வரலாற்றைக் காண்போம். நெல் விளையும் நம் காவிரிப் படுகையில் தொடங்கினாலும், இடையில் சற்றுத் தொலைவு சென்று வர நேரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

உள்ளங்கால் எரிகிறது, காந்துகிறது, ஊசியால் குத்துவதுபோல் இருக்கிறது என்னும் முறையீட்டைக் கேளாத வீடு தஞ்சைப் பகுதியில் இராது. விளக்கெண்ணெய் தடவுவார்கள், மருதாணி அரைத்துப் பாதத்தில் அப்புவார்கள், உடம்புச் சூடு என்று சொல்லிச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு ஏற்பாடு செய்வார்கள். இன்றைய மருத்துவரிடம் சென்றால் முதற்கண் சர்க்கரையின் அளவைத்தான் பார்ப்பார். அது சரியும்கூட, கால் நரம்புகளைக் கெடுக்கும் காரணங்களில் இன்று நீரிழிவை விஞ்சியது வேறொன்றுமில்லை. ஆயினும் நீரிழிவு இல்லாத பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கால் எரிகிறது என்று அழுதால் என்ன செய்வது?

பழைய ஆவணங்களில் இதற்கு விடை தேட முற்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை இருந்ததும், குந்தவைப் பிராட்டியார் அதன் மருத்துவருக்கு நிலம் அளித்ததும் கல்வெட்டுகளால் அறியப்படுபவை. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விரிவானது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துச் செடி கொணர்பவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோரையும் அவரவர்க்குரிய நெல்லையும் காசையும் கணக்குத் தவறாமல் அது கூறுகிறது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஒன்றும் அதில் காணப்படுகிறது. அந்தத் தைலம் யாருடைய காலில் தேய்க்கப்பட்டது, அவர் என்ன சொல்லி வந்தார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டு கொடையைப் பதிவு செய்யும். முனகலைப் பதிவு செய்யாது. அது அதன் குறையுமன்று.

நோயாளியைப் பற்றி எழுதி வைத்தவர் என்று தஞ்சையில் நாம் சுட்டத்தக்கவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832). அவருடைய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அருகருகே நடந்தன. கையாண்டு பார்த்த முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகாலால் பின்னர் வெளியிடப்பட்டன. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளோ கண்ணின் வண்ணப் படங்களுடன் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன. வலியைப் படமாக வரைய முடியாது; கண்ணை வரையலாம். தஞ்சை அரண்மனையில் கண் நோய்க்குக் கிடைத்த பதிவின் செம்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகிறோம். கண்ணைப் பற்றிய பேச்சு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

பாத எரிவு ஒரு தனி நோயாக மருத்துவ ஏட்டில் ஏறியது 1826இல். முதல் ஆங்கிலோ-பர்மியப் போரின்போது அரக்கான் பகுதியில் கண்ட நோய்களைப் பற்றி எழுதிய கிரியர்சன் என்னும் மருத்துவர், பாதங்கள் தீயாய் எரியும் நோயையும் அதில் குறித்தார். அதன்பின் ஏறத்தாழ 120 ஆண்டுகள் இது பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1946இல் இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் நம்மவர்: சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் (1918-2019). பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தலைமகனாகப் போற்றப்பட்டவர் அவரே. ஏழை எளிய நோயாளிகளிடம் பாத எரிவை ஆராய்ந்த அவர், பி தொகுதி வைட்டமின்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துப் பேண்டோதெனிக் அமிலத்தால் எரிச்சல் தணிவதாகக் கண்டார். ஒரே ஒரு வைட்டமினின் குறைதான் காரணமா என்பதில் பின்னர் வாதங்கள் எழுந்தன. அது ஊட்டக் குறையால் வரும் நரம்புக் கேடு என்பதில் ஐயம் எழவில்லை. இன்றும் மருத்துவ நூல்களில் அதன் பெயர் கிரியர்சன்-கோபாலன் நோய்க்குறி. தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய நோய்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

அதே ஆண்டுகளில் சயாமிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த போர்க் கைதிகள் தீட்டிய அரிசியை மட்டும் உண்டு இந்நோய்க்கு ஆளாயினர். இரவெல்லாம் உறங்க முடியாமல் காலைத் தண்ணீரில் அமிழ்த்தி உட்கார்ந்திருந்த அவர்கள், அதற்கு ‘மகிழ்ச்சிப் பாதம்’ என்று கசப்பான வேடிக்கைப் பெயர் ஒன்றையும் வைத்தனர். காவிரிப் படுகையும் அரிசியையே நம்பிய நாடுதான். நெல்லை அவித்துக் குத்தும் நம் வழக்கம் இங்கே ஒரு காப்பாக அமைந்தது. அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அடுத்துள்ள தயாமின் சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மலிந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்ததன் காரணத்தைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தினர் விளக்கினர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள்கள் உணவின் அளவையும் பொருத்தத்தையும் பற்றியவை. கோபாலன் கண்ட நோய் அந்தச் சிந்தனைக்குள் அழகாக அடங்கிவிடும்: உணவால் வந்தது, உணவால் தீர்ந்தது.

உணவைத் திருத்தியும் தீராத எரிவும் ஒன்று உண்டு.

1898ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்துத் தோல் மருத்துவர் யோஹான்னஸ் ஃபாப்ரி, 13 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் கண்ட கருஞ்சிவப்புப் புள்ளிகளை விவரித்தார். இலண்டனில் வில்லியம் ஆண்டர்சன் என்னும் அறுவை மருத்துவர், 39 வயது மனிதர் ஒருவரிடம் அதேபோன்ற புள்ளிகளைக் கண்டு எழுதினார். ஒருவரை ஒருவர் அறியார். இந்த ஆண்டர்சன் சுவையான மனிதர். தோக்கியோவில் கடற்படை மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர்; ஜப்பானிய ஓவியங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி வந்தவர்; அத்திரட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்ணால் பார்ப்பதில் பழகியவர் என்பது அவர் கட்டுரையிலும் தெரியும். நோயாளியின் சிறுநீரில் புரதம் கழிவதைக் கவனித்து, தோலின் நாளங்களில் உள்ள கோளாறு சிறுநீரகத்திலும் இருக்கக்கூடும் என்று ஊகித்தார். அந்த ஊகம் மெய்யானது.

இரு கட்டுரைகளுக்கும் பொருள் தோல்தான். இன்று ஃபாப்ரி நோய் என்று வழங்கும் இந்நோயின் தொடக்கம், பெரும்பாலான ஆண் குழந்தைகளிடம், தோல் புள்ளியன்று. பள்ளிப் பருவத்தில் கைகால்களில் தோன்றும் எரிவும் குத்தலுமே முதலில் வருபவை. அந்த எரிவு எப்போதும் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். காய்ச்சலிலும் வெயிலிலும் ஓட்டத்திலும் மூண்டெழுந்து, சில நிமிடங்களோ சில நாள்களோ பிள்ளையைப் படுக்கையில் தள்ளிவிடும். வியர்வையும் சரியாகச் சுரக்காது. சித்திரை வெயிலில் தஞ்சைப் பள்ளி மைதானத்தில் வியர்க்காத உடலுடன் ஒருவன் ஓடுவதை எண்ணிப் பாருங்கள். அவன் நிழலில் உட்கார்ந்துவிட்டால் சோம்பேறி என்பார்கள். வளர்கிற வயதில் கால் வலிக்கத்தான் செய்யும் என்று பாட்டி சொல்வாள். பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாலும் நிலைமை மாறாது. நரம்பில் மின்னோட்டம் செலுத்தி வேகத்தை அளக்கும் கருவி பருத்த நரம்பிழைகளையே சோதிப்பது. ஃபாப்ரி நோய் கெடுப்பதோ சூட்டையும் குளிரையும் வலியையும் கொண்டுசெல்லும் நுண்ணிழைகளை. ஆகவே கருவி பழுதில்லை என்று சொல்லும். கருவியும் சொல்லிவிட்ட பிறகு பிள்ளையின் சொல்லை யார் மதிப்பார்? அறிகுறி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின்பே நோய்க்குப் பெயர் கிடைப்பதாகப் பல நாட்டுப் பதிவுகள் கூறுகின்றன.

தமிழ்நாட்டில் நரம்புக் கேடு என்றால் நெடுங்காலம் நினைவுக்கு வந்தது தொழுநோய். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் 1916இல் கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய தொழுநோய் மருத்துவமனையை இப்பகுதியினர் அறிவர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்து, விரல்கள் தேய்வதற்குக் காரணம் அழுகலன்று, வலி தெரியாமையால் நேரும் காயங்களே என்று காட்டினார். வலி ஒரு வரம் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன கருத்து. அந்தக் கருத்து எத்தனையோ கால்களைக் காத்தது. எனினும் ஃபாப்ரி நோயின் முன் அது செல்லுபடியாவதில்லை. இங்கே காலடியில் தீயில்லை, முள்ளில்லை. எச்சரிக்க வேண்டிய காவலாளியே நள்ளிரவில் காரணமின்றிக் கூச்சலிடுகிறான். சிலருக்கு முப்பது வயதை ஒட்டி அக்கூச்சல் அடங்குவதுண்டு. வலி போயிற்று என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் பல நேரங்களில் அந்த நரம்பிழைகள் மடிந்திருக்கும். அதன்பின் சிறுநீரகமும் இதயமும் கெடத் தொடங்கும். மூளையில் பக்கவாதம் வரும்.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பது மெல்ல மெல்லவே விளங்கிற்று. 1947இல் நெதர்லாந்து மருத்துவர்கள், இறந்த சகோதரர் இருவரின் உடல்களை ஆய்ந்து, இரத்த நாளங்களின் உயிரணுக்களில் ஏதோ ஒரு பொருள் தேங்கி நிற்பதைக் கண்டனர். 1963இல் ஸ்வீலியும் கிளியோன்ஸ்கியும் அது சர்க்கரைக் கூறுகள் இணைந்த ஒருவகைக் கொழுப்பு என்று காட்டினர். உயிரணுவுக்குள் லைசோசோம் என்றொரு சிறு பை உண்டு. தேய்ந்த பொருள்களை உடைத்து மறுபயனுக்கு அனுப்புவது அதன் வேலை. அங்கே இக்கொழுப்பை உடைக்க வேண்டிய நொதி இல்லாமையே நோய் என்பதை 1967இல் ராஸ்கோ பிராடி குழுவினர் நிறுவினர். அந்நொதி ஆல்பா கேலக்டோசிடேஸ் என்று 1970இல் கிண்ட் அடையாளம் கண்டார். நெல் வந்து இறங்கிக்கொண்டே இருக்க, ஆலையில் ஒரே ஓர் உருளை ஓடவில்லையென்றால் என்னவாகும்? முற்றம் நிறையும், களஞ்சியம் நிறையும், பிறகு பாதையே அடைபடும். முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் இத்தேக்கம் மிகுதி. அங்குள்ள சிறு நரம்பணுக்கள் குறைந்துபோவதை 1974இல் ஓனிஷியும் டைக்கும் அளந்து காட்டினர். 1898இல் தோலின் புள்ளிகளாக ஏட்டில் ஏறிய நோயில், சிறுவர்கள் சொல்லிவந்த வலிக்குச் சான்று கிடைக்க இவ்வாறு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இந்நோய் குடும்பத்தில் வரும் வழி தமிழ்க் குடும்பத்தின் உறவுமுறையோடு வியப்பூட்டும் வகையில் பின்னிக் கிடக்கிறது. பழுதான மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. ஆண்மகன் தன் ஒரே எக்ஸ் நிறப்புரியைத் தாயிடமிருந்து பெறுகிறான். எனவே சோழர் காலத்து மருத்துவக் காணி தந்தைக்குப் பின் மகனுக்கு என்று போயிற்று. இந்நோயோ தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதே இல்லை. நோயுற்ற சிறுவனின் வீட்டில் அதே நோயை யாரிடம் தேட வேண்டும்? தாய்மாமனிடம். காது குத்தலுக்கு மடி கொடுத்தவர், சீர் வரிசை கொண்டுவந்தவர், நாற்பது வயதில் சிறுநீரகம் பழுதாகியோ பக்கவாதத்தாலோ மறைந்தவராக இருக்கலாம். அவரும் பிள்ளைப் பருவத்தில் வெயிலில் நிற்கமாட்டாராம், கால் எரிகிறது என்பாராம் என்று தாயார் நினைவுகூர்ந்தால், அந்த ஒரு வாக்கியம் பல சோதனைகளுக்கு ஈடு.

முறைப்பெண் வழக்கை இங்கே கவனிக்க வேண்டும். நோயுற்ற மாமனின் மகள்கள் அனைவரும் அவருடைய அந்த ஒரே எக்ஸ் நிறப்புரியைத் தவறாமல் பெற்றவர்கள். நோயில்லாத ஒருவன் உரிமையோடு மாமன் மகளை மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அக்காள் மகளை மாமனே மணக்கும் வழக்கில், அந்த மாமன் நோயாளியாகவும் மணமகள் மரபணுவைச் சுமப்பவளாகவும் இருந்துவிட்டால், பெண் குழந்தைக்கு இருபுறமிருந்தும் பழுது வந்து சேரலாம். ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திவிடுவோம்: ஃபாப்ரி நோய் உறவுத் திருமணத்தால் உண்டாவதன்று, உறவே இல்லாத இடத்தில் பெண்ணெடுத்தாலும் தாய்வழியாக அது வரும். உறவுத் திருமணத்தால் பெருகுபவை காஷே நோய், கிராபே நோய், மெட்டாக்ரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோஃபி போன்ற பிற தேக்க நோய்கள். இவற்றுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும். பின் குறிப்பிட்ட இரண்டும் புற நரம்புகளையும் கெடுப்பவை. இவ்வேறுபாடு அறியாமல் எல்லாவற்றையும் சொந்தத்தில் முடித்ததால் வந்தது என்று தாயின் தலையில் ஏற்றிவிடுவது நம்மிடையே உள்ள கொடிய வழக்கம். பெண்கள் நோயைக் கடத்துபவர்கள் மட்டுமே, அவர்களுக்கு ஒன்றும் வராது என்று மருத்துவ நூல்களே நெடுநாள் எழுதிவந்தன. அதுவும் தவறு. பெண்களுக்கும் எரிவு உண்டு, இதயக் கோளாறும் உண்டு; அளவில் ஆளுக்கு ஆள் வேறுபடும். மகனுக்காக மருத்துவமனை ஏறி இறங்கும் தாய் தன் கால் எரிச்சலைச் சொல்லாமலே இருந்திருப்பாள்.

நொதியை ஆய்வகத்தில் ஆக்கி ஊசிவழி செலுத்தும் மருத்துவம் 2001இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த ஷிஃப்மன் குழுவினரின் ஆய்வு தன் முதன்மை அளவையாகக் கொண்டது சிறுநீரகத்தையன்று, நரம்பு வலியை. வேறு வலிமருந்தின்றி நோயாளிக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அவரையே கேட்டு எழுதிய அந்த ஆய்வு நம் மதிப்புக்குரியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் மருந்து ஏற்ற வேண்டும். மரபணுப் பழுதின் சில வகையினருக்கு வாய்வழி உட்கொள்ளும் மருந்து 2016இல் வந்தது. விலையைச் சொன்னால் தஞ்சாவூரில் நஞ்சை வைத்திருப்பவரும் அஞ்சுவார். இந்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வெளியானது. நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி என்பது 2022இல் அறிவிக்கப்பட்டது. வாழ்நாள் மருந்துக்கு அது போதாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அக்கொள்கையில் ஃபாப்ரி நோய் இடம்பெற்ற வகையையும் பார்க்க வேண்டும். உறுப்புகள் பெரிதும் சேதமடையும் முன்னரே கண்டறியப்பட்ட ஃபாப்ரி நோய் என்று நிபந்தனையோடுதான் அது குறிக்கப்பட்டுள்ளது. உறுப்புகள் கெடும் முன் இருக்கும் அறிகுறி எது? பெரும்பாலும் அந்தச் சிறுவனின் வலி. வலியை நம்பாத பத்தாண்டுகளில் உதவிக்கான தகுதியே கைநழுவிவிடலாம்.

இனிக் கண்ணுக்கு வருவோம். இந்நோயாளிகள் பலரின் கருவிழிப் படலத்தில், ஒரு புள்ளியிலிருந்து சுழன்று விரியும் மெல்லிய கோடுகள் காணப்படும். பார்வையைச் சிறிதும் கெடுக்காதவை, வலியும் தராதவை, வெறுங்கண்ணுக்குத் தெரியா, கண் மருத்துவரின் பிளவு விளக்கின்கீழ் தெளிவாகத் தெரியும். கண்ணாடிக்காக வந்த பிள்ளையிடம் இக்கோடுகளைக் கண்டு நோயைக் கண்டுபிடித்த கண் மருத்துவர்கள் உலகில் பலருண்டு. சில மருந்துகளாலும் இத்தகைய கோடுகள் வருவதுண்டாகையால், அதை விசாரித்துக்கொள்ள வேண்டும். சரபோஜியின் ஓவியர்கள் கையில் பிளவு விளக்கு இருந்திருக்கவில்லை. இன்று தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் ஆகிய ஊர்களின் கண் மருத்துவமனைகளில் அது அன்றாடக் கருவி. கோடுகள் தென்பட்டால் அடுத்த படி எளிது. ஆணாயின் வடிதாளில் உலர்த்திய சில துளி இரத்தத்தில் நொதியை அளந்தால் பெரும்பாலும் போதும். பெண்ணாயின் நொதியின் அளவு இயல்பாகவே இருந்து ஏமாற்றக்கூடும். மரபணுவையே படித்துப் பார்க்க வேண்டும்.